வடக்குப் புள்ளி

மாமியாரே முதலாளியாகவும் வாய்த்துவிட்டால் ஒரு வசதி உண்டு. திட்டு வாங்க இரண்டு இடத்துக்கு அலைய வேண்டாம். காலையில் அடுப்படியில் தொடங்குகிற பேச்சு, சாயங்காலம் மரப்பண்ணையின் கேட்டைப் பூட்டும்போதுதான் முற்றுப்புள்ளிக்கு வரும். குச்சிக்கு அது பழகிப்போயிருந்தது. குச்சி என்பதே மாமியார் வைத்த பெயர்தான். மருமகளாக வீட்டுக்குள் வந்த அன்றே, "என்ன இவ, காத்தடிச்சா சாஞ்சுடுவா போலிருக்கே, குச்சி மாதிரி" என்றார். பிறகு அவள் பண்ணையின் ஒட்டுக்கட்டும் கொட்டகையில் உட்கார்ந்து நாளெல்லாம் குச்சி சீவ ஆரம்பித்ததும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அவளுடைய கணவனை இந்தக் கதையில் தேட வேண்டாம். அவன் பேருந்து ஓட்டுகிறான். அம்மாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் இருப்பது அவனுடைய இரண்டாவது உத்தியோகம். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வறண்ட ஊர் அது. அங்கே மரம் விற்றுப் பிழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாமியாரின் பண்ணை நின்றதே ஒரு மரத்தை நம்பித்தான். பச்சைப்பட்டை என்பார்கள். அடியிலிருந்து நுனிக்கொம்பு வரை பட்டையெல்லாம் பச்சை. வெயில் முற்றினால் இருக்கிற துளியூண்டு இலைகளையும் உதிர்த்துவிட்டு, பட்டையாலேயே வெயிலைக் குடித்து உயிர் வாழும். தண்ணீருக்கு ஏங்காது. கோடைக்கு முன்னால் ஒரு பூ பூக்கும் பாருங்கள், மரமே தெரியாது, மஞ்சள்தான் தெரியும். முள்ளில்லாத ஜாதி என்பதால் வாசலில் வைக்கலாம், நடைபாதையில் வைக்கலாம். பார்க்க அழகு, பராமரிக்கச் சுலபம் என்று ஜனங்கள் கேட்டு வாங்கினார்கள்.

முள்ளில்லாத ஜாதி விதையில் வராது. ஒட்டுக்கட்டித்தான் வர வேண்டும். அதைக் கட்டுவது குச்சி. கட்டி, தொட்டியில் வளர்த்து, பெரிய மரப்பெட்டிக்கு மாற்றி, ஆளுயரம் தாண்டியதும் லாரியில் ஏற்றி அனுப்புவாள். அத்தோடு சரி. போன இடத்தில் மரம் எப்படி நிற்கிறது என்று அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. நடுகிற வேலை கொழுந்தனுக்கு. அவன்தான் கிரேன் ஓட்டுவான், அவன்தான் குழி பார்ப்பான். கடைக்குட்டி, அம்மாவின் செல்லம், நல்ல பிள்ளை, சோம்பேறி. குச்சிக்கு அவன்மேல் பொறாமை இருந்தது. ஒளிப்பானேன், வயிறு எரிந்தது. தான் வளர்த்த மரத்தைத் தன் கையாலேயே மண்ணில் இறக்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்தப் பண்ணையில் வேறு ஆசை இல்லை. ஒரு வழியாக மனசைத் திடப்படுத்திக்கொண்டு மாமியாரிடம் கேட்டேவிட்டாள்.

மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு மரம் நட்டுக் காட்டு. ஒரு கோடை தாண்டி நின்னுச்சுன்னா இனிமே நடுற வேலை பூரா உன்னுது. நிக்கலன்னா சின்னவனே பாத்துக்கட்டும். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"சரி அத்தை" என்றாள் குச்சி, அவர் மனசு மாறுவதற்குள்.

தான் வளர்த்ததிலேயே நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்தாள். அந்த மரத்துக்கு ஒரு முகமும் ஒரு முதுகும் உண்டு. வரிசையில் தகரக் கொட்டகையை ஒட்டி நின்றதால் வடக்குப் பக்கம் மொட்டை, அதுதான் முதுகு. தெற்குப் பக்கம் கொம்பும் கிளையுமாக அடர்ந்து விரிந்திருக்கும், அது முகம். தண்டில், இடுப்புயரத்தில், வடக்கு பார்த்த பக்கமாக ஒரு சிவப்புப் புள்ளி. பெட்டிக்கு மாற்றும் அன்றே புள்ளி வைத்து, வருஷா வருஷம் பெயிண்ட் தொட்டுப் புதுப்பிப்பார்கள். எங்கே கொண்டுபோய் நட்டாலும் புள்ளி வடக்கே பார்க்க வேண்டும் என்பது பண்ணையின் சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. தெற்குப் பட்டை வெயிலில் காய்ந்து உரமேறியது. வடக்குப் பட்டை வெயில் படாமல் வளர்ந்தது, இளசு. திருப்பி நட்டுவிட்டால் முதல் கோடையிலேயே அது வெந்து, வெடித்து, உள்ளே வண்டு புகுந்துவிடும். அந்தப் பண்ணையில் எதை வேண்டுமானாலும் எதிர்த்துப் பேசலாம். மாமியாரைக்கூட, அவர் தூங்கும்போது. புள்ளியை எதிர்த்துப் பேசுகிற வழக்கம் மட்டும் இல்லை.

மரம் போய்ச் சேர வேண்டிய வீடு அண்ணன் தம்பி இருவருடையது. ஒரே வளாகம், நடுவில் முற்றம். வடக்கே அண்ணன் குடும்பம், தெற்கே தம்பி குடும்பம். இரண்டு வாசலும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கும். முற்றத்தில் மரம் வைப்பதென்று அண்ணனும் தம்பியும் முடிவுசெய்துவிட்டு, மரம் வருகிற நாளில் நைசாக வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். விவரம் தெரிந்தவர்கள். வீட்டில் இருந்தது ஓரகத்திகள் இரண்டு பேர். மூத்தவள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், சத்தமாகப் பேசுவாள். இளையவள் ஒடிசலாக, வாய்க்குள்ளேயே பேசுவாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று அவர்களுக்கே இப்போது சரியாக நினைவிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் பேசாமல் இருப்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

லாரியிலிருந்து பெட்டியோடு மரம் இறங்கி முற்றத்து ஓரத்தில் நின்றதும் மூத்தவள் ஒரு சுற்று சுற்றிவந்தாள்.

"இந்தப் பக்கம்தான் லட்சணமா இருக்கு. இது எங்க வாசலைப் பாத்து வரட்டும்."

கையெட்டும் தூரத்தில் நின்ற இளையவள் குச்சியின் காதோரம் சொன்னாள்: "அவங்களே முடிவு பண்ணா எப்படி? நாங்க மொட்டையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமான்னு கேளுங்க."

"கேட்டாச்சு, கேட்டாச்சு. முதல்ல பொறந்தவங்க முதல்லன்னு சொல்லுங்க" என்றாள் மூத்தவள்.

குச்சி நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலி கண்டாள். பிறகு, பிரச்சினையை ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று நினைத்து, விவரம் முழுவதையும் எடுத்துச் சொன்னாள். இதோ பாருங்கள் புள்ளி, இது வடக்கே போக வேண்டும், திருப்பி நட்டால் பட்டை வெந்துவிடும், நானும் முடிவு பண்ண முடியாது நீங்களும் முடிவு பண்ண முடியாது, புள்ளிதான் முடிவு பண்ணும். அப்படியானால் முகம் தெற்கு வீட்டுக்குப் போகிறது. இளையவள் உள்ளே போய்க் குச்சிக்கு டீ போட்டுக்கொண்டு வந்தாள். மூத்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

அந்த நேரம் பார்த்து கிரேன் படுத்துவிட்டது. குழாய் ஒன்று வெடித்து எண்ணெய் கொட்டியது. வேறு குழாய் வாங்கி வர வேண்டும். கொழுந்தனைத் தனியாக அனுப்பினால் கடைத்தெருவில் ஆற அமர உட்கார்ந்துவிடுவான் என்று குச்சியும் அவனோடு வண்டியில் ஏறினாள். திரும்பி வரும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. குழாயை மாட்டி, மரத்தைத் தூக்கினார்கள். அந்தரத்தில் தொங்கிய மரத்தைக் கயிற்றால் மெதுவாகத் திருப்பினாள் குச்சி. சிவப்புப் புள்ளி வடக்கே வந்ததும் கையைக் காட்டினாள். இறங்குகிற மரத்தைப் பார்த்தபோது அவளுக்கு என்னவோ போல இருந்தது. அடர்ந்த கொம்பெல்லாம் வடக்கு வாசல் பக்கம் விரிந்தது. மொட்டை முதுகு தெற்கே நின்றது.

"என்ன அண்ணி? இறக்கட்டா, வேண்டாமா?" என்று மேலிருந்து கத்தினான் கொழுந்தன்.

அவள் புள்ளியை இன்னொரு முறை பார்த்தாள். புள்ளி வடக்கேதான் இருந்தது.

"இறக்குங்க தம்பி."

மண் தள்ளி, மிதித்து, சொட்டுநீர்க் குழாய் போட்டுவிட்டு வந்தார்கள். அன்று இரவு அவள் கணவன், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். "நல்லா இருந்துச்சு" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள். முதல் மரம்.

கோடை உச்சிக்கு வந்தபோது மூத்தவளிடமிருந்து போன் வந்தது. மரம் செத்துவிட்டது, ஒரு இலை பாக்கியில்லை, வந்து பதில் சொல்லுங்கள் என்று ஒரே சத்தம். இலை கொட்டுவது இந்த மரத்தின் சுபாவம், பயப்படாதீர்கள் என்று குச்சி எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். சொல்லிவிட்டு மனசு கேட்காமல் மறுநாள் காலையிலேயே போய் நின்றாள்.

மூத்தவள் வாசலிலிருந்து பார்த்தால் மரம் நன்றாகத்தான் இருந்தது. இலையில்லை, ஆனால் கொம்பெல்லாம் பச்சை. குச்சி சுற்றிக்கொண்டு தெற்குப் பக்கம் வந்தாள். தண்டின் பாதி, இடுப்புயரம் தொடங்கித் தலைக்கு மேல் வரை, பட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, உள்வாங்கி வெடித்திருந்தது. விரலால் அழுத்தினால் பொருக்காக உதிர்ந்தது. வெடிப்புக்குள் வண்டு துளைத்த பொடி. தெற்குப் பட்டை இப்படி வேகாதே. ஆறு வருஷம் வெயிலைத் தின்ற பட்டையாயிற்றே. சுற்றி வந்து புள்ளியைப் பார்த்தாள். பண்ணைப் பெயிண்ட் இத்தனை நாளில் மங்கிச் செங்கல் நிறத்துக்கு வந்திருக்க வேண்டும். இந்தப் புள்ளி பளபளவென்று மின்னியது. நகத்தால் சுரண்டினாள். தோலாக உரிந்து வந்தது. நெயில் பாலிஷ்.

மறுபடி தெற்கே ஓடினாள். வெந்த பட்டையின் ஓரத்தில், சரியாக இடுப்புயரத்தில், மரத்தின் பச்சையோடு சேராத ஒரு பச்சை. ஜன்னல் கம்பிக்கு அடிக்கிற பெயிண்ட். கத்தி முனையால் அதை மெல்ல எடுத்ததும் அடியில் அவள் வைத்த சிவப்பு தெரிந்தது.

குச்சி பொதுவாகச் சத்தம் போடுகிறவள் இல்லை. அன்றைக்குப் போட்டாள். "யார் இந்த வேலையைப் பாத்தது?"

மூத்தவள் வாசலுக்கு வந்தாள். இளையவள் ஏற்கெனவே சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். குச்சியின் கையிலிருந்த கத்தியையும், தண்டில் தெரிந்த சிவப்பையும், வெந்த பட்டையையும் மூத்தவள் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய குரல் முதல்முறையாக இறங்கியது.

"இவ்வளவு ஆகும்னு எனக்குத் தெரியாதுங்க. சும்மா ஒரு புள்ளிதானேன்னு..."

"நான்தான் விவரமா சொன்னேனே! வெந்துடும்னு சொன்னேனே!"

"மரத்த விக்கறவங்க அப்படித்தான் ஏதாவது சொல்வாங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று ஜன்னலிலிருந்து இளையவள் சொன்னாள். யாரிடம் சொல்கிறாள் என்று குச்சி திரும்பிப் பார்த்தாள். அவள் மூத்தவளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். "நீங்க பாலிஷ் பாட்டிலோட வந்தப்ப நான் இங்கதான் நின்னுட்டிருந்தேன்."

"அப்ப ஏண்டி சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே சண்டை முடிஞ்சுடும். மரம் பட்டுப்போனா நீங்க காலத்துக்கும் தலை நிமிர முடியாதில்ல?"

"அடிப்பாவி! கோடை பூரா பாத்துக்கிட்டு இருந்தியா?"

"நீங்க பண்ணத விடவா?"

பேசிவிட்டார்கள். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துவைத்துப் பேசினார்கள். குச்சிக்கு இரண்டு பேர் மேலும் ஆத்திரம் வந்தது. இந்த இரண்டு பேருடைய வீம்புக்கு நடுவில் தன்னுடைய மரம் நின்று வெந்திருக்கிறது. ஆனால் அந்த ஆத்திரத்துக்கு அடியிலேயே, வெட்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும், வயிற்றில் பாலை வார்த்தது போலவும் இருந்தது. தப்பு தன்மேல் இல்லை. சாட்சி ஒன்றுக்கு இரண்டு, அதுவும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்கிற சாட்சி. நடுகிற வேலை இனி எங்கே போய்விடும்? அவள் போனை எடுத்து மாமியாரை அழைத்தாள். "அத்தை, நீங்களே வந்து பாருங்க. தம்பியையும் கூட்டிட்டு வாங்க."

மாமியார் வந்தார். குனிந்து பட்டையைத் தடவினார். புள்ளியைப் பார்த்தார், பச்சைப் பெயிண்டைப் பார்த்தார், நடந்ததையெல்லாம் இரண்டு ஓரகத்திகள் வாயாலும் கேட்டார். கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நானும் எத்தனையோ வீட்டுக்கு மரம் குடுத்திருக்கேன். மரத்துக்கே நெயில் பாலிஷ் போட்ட வீடு இதுதான்." கொழுந்தனும் சிரித்தான். குச்சியும் சிரித்தாள், நெஞ்சிலிருந்த பாரம் இறங்கின சிரிப்பு.

"சரி, புள்ளிய மாத்திட்டாங்க. ஒத்துக்கறேன்." மாமியார் நிமிர்ந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கறேன். இந்த மரம் நம்ம கொட்டகைப் பக்கத்துல எந்தப் பக்கம் மொட்டையா நின்னுச்சு?"

"வடக்குப் பக்கம் அத்தை."

"இறக்குறப்ப மொட்டை எந்தப் பக்கம் இருந்துச்சு?"

குச்சி தெற்குப் பக்கம் கையைக் காட்டினாள்.

"கண்ணுக்குத் தெரிஞ்சுதா, தெரியலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். பொழுது சாய்ந்திருந்தது, கிரேன் மறைத்தது என்று எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். "தெரிஞ்சுது" என்றாள்.

மாமியார் மகனிடம் திரும்பினார். "உனக்கு?"

"எனக்கு எல்லா மரமும் ஒண்ணுதாம்மா. எடைதான் வேற வேற."

"இவனுக்குத் தெரியல, புள்ளிய நம்பினான். அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். நீ ஆறு வருஷம் வளத்தவ. தெரிஞ்சும் எதுக்கு வாய மூடிக்கிட்டு நின்னே?"

குச்சி வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள். "பயம் அத்தை. புள்ளிப்படி நட்டுத் தப்பாப் போனா புள்ளி மேல பழி போகும். என் கண்ண நம்பி நட்டுத் தப்பாப் போனா நீங்க என்னை என்ன சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும்."

மாமியார் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு நிமிஷம் இரங்கிவிடுவார் போலத்தான் இருந்தது. பிறகு குரலை உயர்த்தாமலே சொன்னார்: "இந்த வருஷம் சின்னவனே நடட்டும்."

அவ்வளவுதான். வண்டியை நோக்கி நடந்துவிட்டார். கொழுந்தன் சங்கடத்தோடு அண்ணியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான், பிறகு அம்மாவின் பின்னால் போனான்.

குச்சி அங்கேயே இருந்தாள். வெந்த பட்டையை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. கத்தியை எடுத்து, செத்த பட்டையை உயிருள்ள பச்சை தென்படும் வரை கீறிக் கீறி எடுத்தாள். வண்டுத் துளைகளில் கம்பியை விட்டுக் குத்தினாள். கை வேலை செய்துகொண்டிருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது அநியாயமாக இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். இத்தனை வருஷத்தில் அவர் எத்தனையோ அநியாயமாகத் திட்டியிருக்கிறார்; ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருக்கிறாள். இதை விட முடியவில்லை. அந்தரத்தில் தொங்கிய மரத்தின் முதுகு அவள் கண்ணெதிரே இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஓரகத்திகள் சண்டையை நிறுத்திவிட்டு அருகில் வந்து நின்றார்கள். இளையவள் ஒரு சாக்கைக் கொண்டுவந்தாள். மூத்தவள் அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, குச்சி தண்டைச் சுற்றிக் கட்டினாள்.

"பொழைச்சுக்குமா?" என்றாள் இளையவள்.

"பாதி பொழைக்கலாம். சாக்க எடுத்துடாதீங்க. மழைக்காலம் வரட்டும், தேறலன்னா பண்ணையிலேர்ந்து வேற மரம் வரும்."

"இந்தத் தடவை நாங்க எதுலயும் கை வைக்க மாட்டோம்" என்று மூத்தவள் அவசரமாகச் சொன்னாள். "நீங்களே வந்து நட்டுக் குடுங்க. எந்தப் பக்கம்னாலும் சரி."

குச்சி கத்தியைத் துடைத்துப் பையில் போட்டாள்.

"நான் வரமாட்டேங்க. எங்க வீட்டுத் தம்பி வருவாரு. பயப்படாதீங்க, புள்ளி எங்க இருக்கோ அந்தப்படியே நட்டுடுவாரு."